அக்காவின் முகத்தோடு மலையேறிய நாள்

என் அக்கா இறந்த மூன்றாம் நாள், அவளுடைய கைப்பேசி என் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது.

திறக்க வேண்டும் என்று நான் அதை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய வளையல், கைக்கடிகாரம், செருப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கைப்பேசியை மட்டும் என் கணவர் தனியே எடுத்து சார்ஜில் போட்டு வைத்திருந்தார். பூட்டு எண் யாருக்கும் தெரியாது. சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த காலையில், மணி என்ன என்று பார்க்கத்தான் கையில் எடுத்தேன். திரையில் இருந்த பூட்டுப் படம் லேசாக அசைந்து விலகியது. அவள் வைத்திருந்த பலாமரப் படம் வந்து நின்றது. அந்தக் கருவி என்னை அவள் என்றே நம்பிவிட்டது.

அதைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.  பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திரும்ப உள்ளே போக மனம் வரவில்லை.

நாங்கள் இரட்டையர். அதிலும் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள். அவள் என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள், அந்தப் பதினோரு நிமிடத்துக்காக வாழ்நாள் முழுக்க அக்கா என்று கூப்பிட வைத்துவிட்டாள். முகம், உயரம், குரல், முன்பற்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளி எல்லாம் ஒன்று. குணம் மட்டும் ஒட்டவே ஒட்டாது. அவள் பொறுமைசாலி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சின்ன வயதில் நான் போட்ட சண்டைக்கு அவள் அடி வாங்கியிருக்கிறாள். அதற்காக ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை, அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜவ்வாது மலையில் எட்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது, மாதம் நெருங்கியவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது என்று ஊர் ஊராக நடந்தாள். நான் இருப்பது மலையடிவாரத்தில், ஆலங்காயத்தில். காலையில் பேருந்து ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் என்னை மேலே வரவிடவில்லை. கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்வாள். ஒருநாள் நான் விடாமல் நச்சரித்தபோதுதான் உண்மை வந்தது.

“கீழ இருக்கற வரைக்கும் நாம ரெண்டு பேரு. எங்க போனாலும் நீ அவளா இவளான்னுதான் மொதல்ல கேக்கறாங்க. மேலயாவது நான் ஒருத்தியா இருந்துட்டுப் போறேனே” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஐப்பசி மாதம் இரண்டு நாள் விடுப்பில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் சாய்ந்துவிட்டாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் பலவீனமாகி, பலூன்போல வீங்கி, வெடித்துவிட்டது என்று வேலூரில் சொன்னார்கள். மறுநாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடத்தில் என் முகம் படுத்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் தோளைப் பிடித்து, “நீ அவ பக்கத்துல ஒக்காராத, பாக்கறவங்களுக்கு வவுறு கலங்குது” என்று உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சொந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

எனக்கும் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே மரபணு, ஒரே பலவீனம் இருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது எனக்குப் பயமே இல்லை. எனக்கும் இருக்கும் என்று முடிவே செய்துவிட்டேன். முடிவு வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. மரபணு ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒன்றாக நடந்துவிடாது என்று மருத்துவர் சிரித்தபடி விளக்கினார். நான் பதினைந்து வருடமாக வகுப்பில் சொல்லும் அதே வாக்கியம். எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம் வந்தது. எல்லாவற்றிலும் பாதியைக் கொடுத்தவள் இதை மட்டும் தான் ஒருத்தியாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குப் போனேன். வரிசைப்படி அடுத்த பாடம் க்ளோனிங். வேறு பாடம் எடுத்திருக்கலாம். ஆனால் நான் பிடிவாதக்காரி.

ஒவ்வொரு வருடமும் சொல்வதையே சொன்னேன். க்ளோன் என்ற சொல் கிரேக்க மொழியில் இளங்கிளையைக் குறிக்கும். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் வருவது புது மரம் இல்லை, அதே மரம்தான் இன்னோர் இடத்தில் நிற்கிறது. அந்த அர்த்தத்தில் நம் கொல்லையெல்லாம் க்ளோன்தான். விலங்குகளில் அது அவ்வளவு சுலபமில்லை. வளர்ந்த ஆட்டின் மடியிலிருந்து ஒரு செல்லை எடுத்தார்கள். இன்னோர் ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் முட்டையோடு இந்தச் செல்லைச் சேர்த்து லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். அந்த முட்டை தான் கருவுற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பிளவுபட ஆரம்பித்தது. அதை மூன்றாவது ஓர் ஆட்டின் வயிற்றில் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான முறை தோற்று, ஒரே ஒரு குட்டி பிறந்தது. அது மடி கொடுத்த ஆட்டின் நகல். இயற்கையே செய்யும் நகலும் உண்டு, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்.

இந்த இடத்தில் வழக்கமாக நான் என்னையே காட்டி, “உங்க மிஸ்ஸுக்கு மலையில ஒரு ஜெராக்ஸ் இருக்கு” என்பேன், வகுப்பு சிரிக்கும். அன்று சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி மட்டும் எழுந்தாள்.

“மிஸ், செத்துப் போனவங்க செல்லுலேந்து க்ளோன் பண்ணா, அவங்களே திரும்ப வந்துடுவாங்களா?”

“வரமாட்டாங்க. ஒரு கொழந்த பொறக்கும். அந்த முகத்தோட வளரும். ஆனா அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது. முகத்ததான் நகல் எடுக்க முடியும், ஞாபகத்த எடுக்க முடியாது” என்றேன். என் குரல் பிசிறவே இல்லை. அறிவியல் எனக்குக் கைகொடுத்தது என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை அவளுடைய கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அதைத் தினமும் என் முகத்தைக் காட்டித் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது. பெயருக்குப் பதிலாக ‘பலாமரத்து வீடு’ என்று பதிந்து வைத்திருந்த எண். ஓர் இளம்பெண்ணின் குரல். பின்னால் காற்று இரைந்தது.

“அக்கா, நான்தான் பேசறேன். எங்க இருக்கீங்களோ இன்னாவோ தெரியல. மாசம் கிட்ட வந்துட்ச்சி. கூட வர்றேன்னு சொன்னீங்களே, மறந்துடாதீங்க. வேற யாரு கூப்ட்டாலும் நான் போவமாட்டேன். நீங்க வந்தாதான் கெளம்புவேன்.”

உடனே அந்த எண்ணுக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். படங்களில் தேடியபோது அதே ‘பலாமரத்து வீடு’ என்ற குறிப்போடு அந்தப் பெண்ணின் ஸ்கேன் அறிக்கை கிடைத்தது. கீழே அக்கா எழுதியிருந்தாள்: ‘நஞ்சு கீழே இருக்கு. வீட்டில் வலி எடுக்கக் கூடாது. தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நானே கூட்டிப் போகணும்.’ அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தால் குழந்தை தானாக வெளியே வர முடியாது. வீட்டில் வலி எடுத்தால் தாய் ரத்தம் போயே செத்துவிடுவாள். அறிக்கையில் இருந்த பிரசவத் தேதிக்கு முந்தைய அந்த இரண்டு வாரம் ஏற்கனவே தொடங்கிவிட்டது.

அக்காவின் இடத்துக்கு வந்திருந்த புதுச் செவிலியரின் எண்ணை வாங்கிப் பேசினேன்.

“ரெண்டு வாட்டி போய்ட்டு வந்துட்டேங்க. என்னைப் பாத்தாலே பின்பக்கமா கொல்லைக்கு ஓடிடுது. மொத பிரசவத்துல ஆஸ்பத்திரியில கண்டபடி திட்டியிருக்காங்க, கொழந்தயும் தங்கல. அந்தப் பயம். அந்த அக்கா வருவாங்கன்னு ஒக்காந்துகினு கீது. நான் இன்னா பண்ணட்டும்?” என்று அழாத குறையாகச் சொன்னாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மாசமாக இருப்பவளிடம் சாவுச் செய்தியைச் சொல்லமாட்டார்கள். பெற்ற தாயே போனாலும், பிரசவம் ஆகும் வரைக்கும் ஊரில் இருக்கிறாள், வருவாள் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அந்த வீட்டிலும் அக்கா இறந்ததை மறைத்திருக்கிறார்கள். பாவம், அந்தப் பெண் இல்லாதவளுக்காகக் காத்திருக்கிறாள்.

கைப்பேசியை எடுத்து, அக்காவின் எண்ணிலிருந்து, ‘நாளைக்கு வர்றேன்’ என்று அனுப்பினேன். விரல் தானாகத் தட்டிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் பேருந்தில் ஏறினேன். மலையில் குளிரும் என்று அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நடத்துநர் எனக்கு முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். நான்தான் ஊர் பெயரைச் சொன்னேன். பயணச்சீட்டின் ஒரு நுனியைப் பிடித்து நீட்டினார். என் விரல் அவர் விரலில் படக்கூடாது என்று பார்த்துக்கொள்வது தெரிந்தது. வளைவுகள் ஏற ஏறப் பனி மூடியது. நான் இறங்கிய பிறகும் பேருந்து உடனே கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கிருந்து அரை மணி நேரம் நடை. பகல் பதினொரு மணிக்கே வெளிச்சம் மங்கியிருந்தது. சாமை அறுத்த கொல்லைகள், புளியமரங்கள், அப்புறம் கூரைகள் தெரிந்தன. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாசலில் விளையாடிய குழந்தையை ஒரு கை உள்ளே இழுத்தது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. எட்டு வருடம் இவர்களுக்காகத்தான் மழையிலும் வெயிலிலும் நடந்தாள், அவளுடைய தங்கைக்கு ஒரு வார்த்தை இல்லையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். செருப்பில் சேறு அப்பியிருந்தது. அதைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கூச்சத்தோடு புல்லில் தேய்த்துக்கொண்டேன்.

பெரிய பலாமரம் நின்ற வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் மாமியார் நின்றிருந்தார். அவரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு நான்கடி பின்னால் போய் நின்றார். நான் அவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதில்ல? நான் செத்த விஷயம் எதுவும் சொல்லலையே?”

‘அக்கா செத்த விஷயம்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எப்படியோ அப்படி வந்துவிட்டது. பதற்றத்தில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை. அந்த அம்மாள் இல்லை இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார்.  மருமகள் காதில் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உட்கார வைத்து இலை போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. இலையில் பரிமாறிவிட்டு எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். வாயில் வைத்தால் ஒரு கல் உப்பு இல்லை. சோற்றிலும் இல்லை, குழம்பிலும் இல்லை. பசி என்பதால் இரண்டு கவளம் விழுங்கினேன். அக்காவாக இருந்தால் அப்படியே சாப்பிட்டு முடித்திருப்பாள்.

“உப்பு இருந்தா கொஞ்சம் குடுங்கம்மா” என்றேன்.

மாமியாரும் அந்தப் பெண்ணின் புருஷனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  கடைசியில் அவன்தான் ஒரு கொட்டாங்குச்சியில் உப்பு எடுத்துவந்து, கையை நீட்டி, இலையின் ஓரத்தில் தட்டிவிட்டுத் தள்ளி நின்றான். நான் உப்பைப் பிசைந்து சாப்பிடுவதை ஏதோ வித்தை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவள் உள்ளேயிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். வயிறு இறங்கியிருந்தது. அந்த ஊரில் அவள் ஒருத்திதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியம் ஒன்று இருந்தது: அக்காவுக்கு உடம்பு சரியில்லை, நான் அவளுடைய தங்கை, அவள்தான் என்னை அனுப்பினாள். அதைச் சொல்ல அவள் விடவில்லை.

“வந்துட்டீங்களாக்கா. வருவீங்கன்னு நான் சொன்னேன், இவங்கதான் யாரும் நம்பல” என்று சொல்லிவிட்டு, மூலையில் தயாராக இருந்த துணிமூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். “போலாமா?”

வாய்வரை வந்த உண்மையை விழுங்கினேன். நஞ்சு கீழே இருக்கிறது, அவள் எழுந்து நிற்கிறாள், இதற்குமேல் என்ன யோசிப்பது? போலாம் என்றேன்.

ஆம்புலன்ஸ் நின்ற சாலை வரைக்கும் போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாகத் தூக்கினார்கள். தூக்கிய ஆண்கள் என்னை முன்னால் போகவிட்டார்கள், பக்கத்தில் வரவில்லை. பாதி வழியில் வேகமாகப் போங்கள் என்று நான் அதட்டியபோது டோலிக்குள்ளிருந்து, “முன்னெல்லாம் உங்களுக்கு இவ்ளோ கோவம் வராதேக்கா” என்றாள் அவள்.  அதன் பிறகு கீழே போய்ச் சேரும் வரை அக்காவைப்போலப் பேச முயன்றேன். அவள் எப்படிப் பேசுவாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. வார்த்தைகள் தாமாக வந்தன. நான் பேசி என் காதே கேட்ட குரல் என்னுடையது இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

ஆம்புலன்ஸ் மலை இறங்கும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கை இவ்ளோ சில்லுனு கீதே.”

“பனிம்மா” என்றேன்.

“வலிக்குதாக்கா?” என்று கேட்டாள். வலி அவளுக்கு, கேள்வி எனக்கு. உளறுகிறாள் என்று நினைத்து நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவுவரைக்கும் அவள் கையை விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து, பெண் குழந்தை, தாய்க்கும் ஆபத்தில்லை என்று சொன்னார்கள். இன்னும் சிறிது நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இருந்திருக்கமாட்டார்கள் என்றார் மருத்துவர். நான் தரையிலேயே உட்கார்ந்து, அக்கா போன நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன்.

மறுநாள் காலை ரத்த வங்கியில், அவளுக்கு ஏற்றியதற்குப் பதிலாக உறவினர் யாராவது ரத்தம் கொடுங்கள் என்றார்கள். அவள் புருஷன் முதலில் கொடுத்தான். நானும் கொடுக்கிறேன் என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். பையில் ரத்தம் இறங்குவதை அவன் எழுந்து நின்று பார்த்தான். பை நிறைய நிறைய அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. மெதுவாகக் கிட்டே வந்து ஒற்றை விரலால் என் முழங்கையைத் தொட்டான். உடனே அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

“உங்களுக்கு ரத்தம் வருதுங்க. சூடா கீறீங்க. யாருங்க நீங்க?”

அவன் கேட்டபோதுதான் எல்லாம் எனக்கு உறைத்தது. பயணச்சீட்டின் நுனி, சேற்றுக் கால், உப்பில்லாத சோறு. பிறகு அவனே சொன்னான். அவர்கள் குடும்பத்தில் செத்தவர்களுக்குப் படைப்பதில் உப்புச் சேர்க்கமாட்டார்கள்.

“அவங்க எறந்துட்டாங்கன்னு மறுநாளே எல்லாருக்கும் தெரியும்ங்க. செத்தவங்க நம்பர்லேந்து வர்றேன்னு வந்துச்சி. ஊரே நடுங்கிப் போச்சி. மறுநாள் நீங்களும் அந்த ஸ்வெட்டரோட வந்து நின்னீங்க. கூடப் பொறந்தவங்க கீறாங்கன்னு அவங்க ஒருநாளும் சொன்னதில்லீங்க.”

“அப்ப உங்க வூட்டுக்காரிக்கு?”

“அவளுக்கும் தெரியும். மொதல்ல அழுதவளே அவதான். அப்பறம் தெனமும் பாறைமேல ஏறி அவங்க நம்பருக்குப் பேசி அனுப்பப் பாப்பா, சிக்னல் இல்லாம ஒண்ணே ஒண்ணுதான் போச்சி. கேக்காதுன்னு சொன்னா, கேக்கும்னு சொல்லுவா.”

பேய் பிசாசு என்று யாராவது பேசினால் நான் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுவேன். ஊரே பயந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு, இந்தப் பெண் மலையிறங்கி வந்திருக்கிறாள். உயிரோடு இருந்த எல்லோரையும்விட இறந்துபோன என் அக்காவை அவள் அதிகம் நம்பியிருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது. அப்படி என்னை யாரும் நம்பியதில்லை.

வார்டுக்குப் போனேன். அவள் கண் விழித்துப் படுத்திருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். நாங்கள் ஒரே கருவில் இரண்டாகப் பிரிந்தவர்கள், முகம் ஒன்றுதான், ஆள் வேறு, நான் ஆலங்காயத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், உன் அக்கா இறந்துவிட்டாள், நான் அவள் இல்லை. அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

“சரிக்கா” என்றாள்.

குழந்தை சொல்லும் பொய்யைக் கேட்டுப் பெரியவர்கள் தலையாட்டுவதுபோல இருந்தது அந்தச் சரிக்கா. என் மனம் நோகக்கூடாது என்பதற்காக அவள் நம்பியதுபோல நடிக்கிறாள் என்று புரிந்தது. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“வார்த்தைய காப்பாத்திட்டீங்க. எனக்காவ எவ்ளோ தூரத்துலேந்து வந்தீங்களோ. இனிமே எங்களுக்காவ அலையாதீங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க நிம்மதியா போங்க.”

இதை நாங்கள் யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை. நான் மாத்திரை எடுக்கப் போனேன், திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. கூடத்திலும் சுடுகாட்டிலும் பதினாறாம் நாளிலும் எத்தனையோ பேர் வந்தார்கள், ஒருவரும் அவளுக்கு விடை கொடுக்கவில்லை. இங்கே ஒருத்தி கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள அந்த முகம் என்னிடம்தான் இருக்கிறது. இல்லை, நான் அவள் இல்லை என்று இன்னொரு முறை திருத்தியிருக்கலாம். தப்பாகச் சொன்னால் திருத்துவதுதான் என் தொழில்.

எங்கள் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பமாட்டார்கள். அடுத்த தெருவுக்குப் போனாலும் போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்வார்கள். திரும்பி வராதவர்கள்தான் வெறுமனே போவார்கள்.

நான் எழுந்தேன். அவள் தலையில் கை வைத்தேன்.

“சரிம்மா. போறேன்” என்றேன்.

அவள் என் கையை விட்டாள்.